பிணம் இல்லாமல் ஆரோக்கியம் அண்ணன் போட்ட பந்தல்

ஆரோக்கியம் அண்ணன் போய்விட்டார் என்று பால்காரர் வந்து சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை. இனி யாரிடம் கேட்பது என்றுதான் முதலில் தோன்றியது. பதினைந்து வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததே, அந்த வருடம். அதே வருடக் கடைசியில்தான் காவிரிக் கலவரத்தில் நாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே கிடந்தோம். குண்டு வெடிப்பதற்கு முன்னால் வங்கதேசத்தில் புயல் அடித்து, ஊர் ஊராகச் சனங்களைக் கடல் கொண்டுபோயிற்று. அதை ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குச் சொன்னவர் ஆரோக்கியம் அண்ணன்தான். கரீம் பாய் டீக்கடையில் தினமும் காலையில் கன்னடப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு தமிழில் செய்தி சொல்வார். கார்ப்பரேஷனில் கால்வாய் தூர் வாரும் நாங்கள் பத்துப் பேரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவோம். அவர் சொன்ன செய்தி ஒரு நாளும் பொய்யானதில்லை.

அந்தச் சனங்களுக்கு மாதா கோயில் பாதிரியார் மூலமாக ஏதாவது அனுப்ப வேண்டும் என்று என்னையும் கரீம் பாயையும் கூட்டிக்கொண்டு டப்பாவோடு கிளம்பினார். ஒன்றும் விழவில்லை. பூக்காரக் கண்ணம்மா நேராகவே கேட்டாள்.

"எந்த ஊர்க்காரனோ செத்ததுக்கு இங்க வந்து இன்னாத்துக்கு டப்பா குலுக்குறீங்க? எங்கூட்டுக் கூர ஒழுவுதே, அதுக்கு எவன்னா குலுக்குனீங்களா?"

அண்ணன் கோபப்படவில்லை. கடைக்குத் திரும்பியதும் சொன்னார்: "தப்பு நம்மளுதுடா முனிரத்தினம். டப்பா குலுக்குனா பிச்ச. துண்டு விரிச்சா சாவு. சாவுன்னா நம்ம தெருவுல எவனாச்சும் இல்லன்னு சொல்லியிருக்கானா?"

உங்களுக்குத் தெரியும், நம் தெருவில் சாவு விழுந்தால் பந்தல் போட்டு, மேளம் வைத்து, வாசலில் துண்டு விரிப்பார்கள். அதைத் தாண்டிப் போகிறவன் ஏதாவது போடாமல் போகமாட்டான். அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதையே செய்தார். குண்டு வெடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பந்தல் வந்தது, மேளம் வந்தது. பிணம் கிடத்தும் பெஞ்சில் ஒரு படத்தை வைத்து மாலை போட்டார். கரீம் பாய் பன் மடிக்க வைத்திருந்த பழைய பேப்பர்க் கட்டிலிருந்து அவர் கிழித்தெடுத்த படம். தண்ணீர், தண்ணீரில் மாடு, மாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை.

தெருவே கூடிவிட்டது. யார் செத்தது, யார் செத்தது என்று ஒரே குழப்பம். ஒருவர் என் கையைப் பிடித்து, "உங்கூட்லயா?" என்று துக்கம் கேட்டார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். கண்ணம்மா படத்தைப் பார்த்தாள். "யாரு பெத்த பொண்ணோ" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டப்பாவைத் துரத்தியவள் அன்று முந்தானை முடிச்சை அவிழ்த்துத் துண்டில் கொட்டினாள். துண்டு நிறைந்து, மேலே புடவைகளும் கம்பளியும் விழுந்தன.

அப்போதுதான் போலீஸ் வேன் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் பெஞ்சைப் பார்த்து, "ஹெண எல்லி?" என்றார். பிணம் எங்கே என்று கேட்டால் நாங்கள் எதைக் காட்டுவது? தமிழன் பக்கத்து நாட்டுக்குப் பணம் சேர்க்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நாளில் போலீசுக்குத் தெரிந்த பக்கத்து நாடு இலங்கை ஒன்றுதான். துண்டு, படம், நாங்கள் மூன்று பேர், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளே போனால் திரும்பி வருவோமா என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைப் படித்தார். அண்ணனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்.

"யோவ், இது வங்கதேசமில்ல. போன வருஷம் ஆந்திராவுல அடிச்ச புயல். ஏமாத்துறியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சார்" என்றார் ஆரோக்கியம் அண்ணன். தாளை நீட்டினார்கள். பேனாவைத் தொடவில்லை. மையில் கட்டைவிரலை அழுத்தி ரேகை வைத்தார். அடுத்து நான், அடுத்து கரீம் பாய். இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "இதுங்களா குண்டு வைக்கும்?" என்று எங்களை விட்டுவிட்டார். துண்டு மூட்டை கோயில் பாதிரியார் கைக்குத்தான் போகிறதா என்று பார்க்க ஒரு கான்ஸ்டபிளையும் கூட அனுப்பினார். பாதிரியார் அதை அனுப்பிவைத்தார்.

வரும் வழியில் அண்ணனிடம் மெதுவாக, "நெஜமாவே தெரியாதாண்ணே?" என்றேன்.

"பேனா புடிச்சா வெவரம் தெரிஞ்சவன்னு உள்ள வெப்பான்டா. ரேக வெச்சா மடையன்னு தொரத்திடுவான்" என்று சிரித்தார். கரீம் பாயும் சிரித்தார்.

மறுநாள் காலையில் அதே பெஞ்சில் பேப்பரை விரித்துச் செய்தி சொன்னார். நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுத்தின் மேல் ஓடியதா, சும்மா நின்றதா, என்னால் பிரிக்க முடியவில்லை. படிக்கத் தெரிந்தவரென்றால் ஆந்திராப் படம் என்று தெரிந்தேதான் மாலை போட்டாரா? தெரியாதவரென்றால் அத்தனை வருடம் எங்களுக்கு எதைப் படித்தார்? விடிவதற்குள் அவர் வீட்டில் ரேடியோ பாடும். பாட்டுக்காக வைக்கிறார் என்றுதான் நினைத்திருந்தோம். கேட்டிருக்கலாம். கேட்டு, தெரியாது என்று சொல்லிவிட்டால் மறுநாள் அந்தப் பெஞ்சில் நான் எப்படி உட்காருவது?

போன செவ்வாய்க்கிழமை அவரைக் கிடத்தியிருந்தார்கள். வாசல் துண்டில் என் பங்கைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். ஜெபமாலை சுற்றிய கையில் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். வெறும் விரல்.

இன்ஸ்பெக்டர் திருப்பித் தந்த படம் என் தகரப் பெட்டியில் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் என் மருமகள் கன்னடப் பள்ளியில் படித்தவள். "கீழ இருக்கறதப் படிச்சுச் சொல்லட்டுமா மாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். கண்ணம்மா அழுதது அந்தப் பெண்பிள்ளைக்காக. அவளுக்கு ஊர்ப் பெயர் தேவைப்படவில்லை.

அன்று ஒரே தாளில் ரேகை வைத்தவர்கள் மூன்று பேர். கரீம் பாய் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆரோக்கியம் அண்ணனைச் செவ்வாய்க்கிழமை புதைத்தோம். மிச்சம் முனிரத்தினம்.