அத்தான் 'நல்லா இருக்கு' என்று சொன்ன வீடு

என் அக்காவின் புருஷன் வீடுகளைப் பரிசோதிக்கிறவர். வீடு வாங்கப் போகிறவர்கள் பணத்தைக் கொட்டுவதற்கு முன் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் கூரையில் ஏறி, தரைக்கு அடியில் விட்டிருக்கும் இடைவெளியில் தவழ்ந்து, குழாய்களைத் திறந்து மூடி, எது உளுத்திருக்கிறது, எது ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு வருவார். தொழிலின் பெயர் இன்ஸ்பெக்டர். அதைக் கேட்டு ஏமாந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், காணாமல் போன தன் சைக்கிளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்து நின்றார். அத்தானும் மறுக்காமல் சைக்கிள் நின்ற இடத்தைப் போய்ப் பார்த்தார். "சைக்கிள் எங்கேன்னு தெரியலைங்க. ஆனா இந்தச் சுவர்ல ஈரம் ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தார். அப்பேர்ப்பட்ட மனுஷன்.

ஏஜென்டுகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் நத்தை. சாதாரண வீட்டுக்கே மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்வார். பழைய வீடு என்றால் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார். வீடு கைமாறினால்தானே ஏஜென்டுக்குக் காசு? அதனால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். "சார், ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்ல?" "எல்லாம் புது பெயின்ட் சார், பார்க்கறதுக்கே ஒண்ணுமில்ல." அத்தானுக்குப் புது பெயின்ட் என்றாலே சந்தேகம்தான். ஆனால் கோபப்பட மாட்டார், வாதாடவும் மாட்டார். ஏணியைச் சாய்த்து, "இதைக் கொஞ்சம் கெட்டியாப் பிடிச்சுக்குங்க" என்பார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனால் கைக்கடிகாரத்தைப் பார்க்க முடியாது. மேலே இருக்கிறவர் விழுந்து தொலைத்தால் நம் தலையில் விடியுமே என்ற பயத்தில் கம்மென்று நிற்பான்.

"வாங்கறவங்க பாதி ஆயுசுக்குக் கடன் கட்டப் போறாங்க. நான் ஒரு மத்தியானம் செலவு பண்ணக் கூடாதாம்மா?" என்று என்னிடம் ஒரு முறை கேட்டார். பல ஏஜென்டுகள் அவரைச் சிபாரிசு செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

அவரைப் புகழ்வதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது என் அக்காவைப் பற்றி. இப்படி ஒரு ஆளைக் கட்டிக்கொண்டவளுக்குச் சொந்த வீடு அமையுமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அக்கா ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். வீங்கிய கன்னத்தோடு வந்து "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கத்துகிறவர்களை உட்கார வைப்பது அவள் வேலை. குரலை உயர்த்தாமல், "உக்காருங்க, கூப்பிடறோம்" என்பாள். எப்படிப்பட்ட ஆளும் உட்கார்ந்துவிடுவான். கல்யாணம் ஆன நாள் முதல் அவர்கள் இருப்பது ஒரே வாடகை வீட்டில். வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. கல்யாண போட்டோ ஃப்ரிட்ஜின் மேல் சாய்ந்தபடி நிற்கிறது. ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தும்போதெல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு குலுங்கு குலுங்குவார்கள். மகள் அந்த வீட்டிலேயே தவழ்ந்து, படித்து, வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். அவள் உயரத்தைக் குறித்து வைக்கக்கூட அக்காவுக்கு ஒரு கதவு சொந்தமாக இருந்ததில்லை.

வீடு தேடாமல் இல்லை. ஒவ்வொரு வருஷமும் தேடினார்கள். அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குள் காலை வைத்த உடனே, கட்டில் இங்கே, அலமாரி அங்கே, மகள் வந்தால் படுக்க அந்த மூலை என்று மனசுக்குள் குடியேறிவிடுவாள். அவள் குடியேறி முடிப்பதற்குள் அத்தான் கூரையிலிருந்து இறங்கி வந்து உதட்டைப் பிதுக்குவார். ஒன்றில் உத்தரம் உளுத்திருந்தது. ஒன்றில் சாக்கடைத் தண்ணீர் தரைக்கு அடியில் தேங்கி நின்றது. ஒன்றில் மின்சார ஒயரெல்லாம் கருகிப் போயிருந்தது. அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. அக்காவும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியது இல்லை. கட்டிலையும் அலமாரியையும் மனசுக்குள்ளேயே மூட்டை கட்டிக்கொண்டு திரும்பி வருவாள்.

நானெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வீடு வாங்கியவள். மழை பெய்தால் கூடத்தில் வாளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுக் கிளம்பும் வரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். மச்சினி மனசு புண்படக் கூடாதாம்.

அந்த வீட்டை அக்காதான் கண்டுபிடித்தாள். வேலைக்குப் போகும் பாதையில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்ததால் பஸ் வேறு தெருவில் சுற்றிப் போனது. விற்பனைக்கு என்று பலகை மாட்டிய ஒரு சின்ன வீடு அவள் கண்ணில் பட்டது. மத்தியான இடைவேளையில் ஏஜென்டை வரவழைத்து உள்ளே போய்விட்டாள். அங்கிருந்தே எனக்கு போன் செய்தாள்.

"நான் ஒரு வீட்டுச் சமையலறையில நிக்கிறேன்டி."

"அப்படி என்னக்கா இருக்கு அங்க?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஜன்னல். வெளியே பக்கத்து வீட்டுச் சுவரு, கொஞ்சம் வானம். அவ்வளவுதான். ஆனா நகர மனசு வரல."

என் அக்கா எதற்கும் ஆசைப்பட்டு நான் கேட்டதில்லை. புடவைக் கடையில்கூட 'உனக்குப் பிடிச்சதை எடு' என்று என் பக்கம் தள்ளிவிடுகிறவள். அன்றைக்கு அவள் குரல் சின்னப் பெண்ணின் குரலாக இருந்தது.

அந்த ஏஜென்டுக்கு நான் வைத்த பெயர் 'இப்பவே'. "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க மேடம். இப்பவே சொல்லிடுங்க." "இப்பவே அட்வான்ஸ் கொடுத்தா ஓனரை நான் சம்மதிக்க வைக்கறேன்." அக்காவின் புருஷன் யார் என்று தெரிந்ததும் அவன் முகம் தொங்கிப் போய்விட்டது. "ஐயோ, நத்தை சாரா? மேடம், அவர் வந்தா இந்த வீடு உங்களுக்கு இல்ல. நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு. டீ ஆறுறதுக்குள்ள பார்த்து முடிச்சிடுவாரு" என்றான்.

அன்று சாப்பிடும்போது அக்கா அத்தானிடம் சொன்னாளாம்: "இந்த ஒரு வீட்டை மட்டும் நீங்க பார்க்கக் கூடாது."

"ஏன்?"

"நீங்க பார்த்தா எனக்குக் கிடைக்காது."

அத்தான் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாராம். அப்புறம் "சரி" என்றாராம். ஒற்றைச் சொல்தான்.

சனிக்கிழமை என் காரில் மூன்று பேரும் போனோம். ஏணி இல்லை, பை இல்லை. பின் சீட்டில் அத்தான் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏஜென்டின் ஆள் கையில் டார்ச்சுடன் வந்தார். அதைக் கூரையைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு குழாயைத் திறந்தார். கழிவறையில் ஒரு முறை தண்ணீரை இழுத்துவிட்டார். "சூப்பர் வீடு மேடம், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." ஏஜென்ட் போனில் பேசிக்கொண்டிருந்த பேச்சே இன்னும் முடியவில்லை, அதற்குள் பரிசோதனை முடிந்துவிட்டது.

அக்கா முகமெல்லாம் சிரிப்பாகக் காரை நோக்கி வந்தாள். நான் அவளுக்கு முன்னால் ஓடினேன். அத்தான் காரை விட்டே இறங்காமல், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் இருந்த விளக்குக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியைத் திருப்பி வச்சுக்கிட்டிருக்கீங்க?"

"கோபமெல்லாம் இல்லம்மா. அந்தப் பக்கம் பார்த்தா ஏதாவது தெரிஞ்சிடும். அதான்."

எனக்குப் பின்னால் வந்த அக்கா அதைக் கேட்டுவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கார் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

"வேண்டாம்மா. நான்தான் சரின்னு சொல்லிட்டேனே."

"இந்த வீட்டுல காலம் பூரா இப்படித் திரும்பியே உக்காந்திருப்பீங்களா? எனக்கு அப்படி ஒரு வீடு வேண்டாம். இறங்குங்க. எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குங்க."

டார்ச்சுக்காரரின் டார்ச்சையே கடன் வாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஏணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு அத்தான் உள்ளே போனார். ஏஜென்ட் குதித்தான். "மேடம், அந்தப் பார்ட்டி கிளம்பிட்டாங்க! இப்பவே சொல்லலைன்னா விலை ஏறிடும்! அப்புறம் என்னைச் சொல்லிக் குத்தமில்ல!"

"உக்காருங்க சார்" என்றாள் அக்கா. "ஆனதும் கூப்பிடறோம்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். நடுவில் நாலைந்து முறை எழுந்தான். ஒவ்வொரு முறையும் அதே குரலில் "உக்காருங்க சார்". ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தான்.

அந்த மத்தியானம் முழுவதும் அக்கா என்னை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். போட்டோ இந்தச் சுவரில். மகளுக்கு இந்த அறை. இங்கே ஒரு நாற்காலி போட்டால் சாயங்காலம் உட்கார்ந்து காபி குடிக்கலாம். கூரையில் அத்தானின் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு தரைக்கு அடியில் அவர் தவழும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. வெளியே வெயில் இறங்கிவிட்டது. பேசிப் பேசி ஓய்ந்து அக்கா சமையலறை ஜன்னலுக்குப் போனாள். அங்கேயே நின்றாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

அத்தான் வந்தபோது முழங்காலெல்லாம் மண், தலையில் ஒட்டடை. கதவோரம் நின்று, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் முதுகைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு" என்றார். "வாங்கிடலாம்."

வாசலில் இருந்த ஏஜென்ட் துள்ளி எழுந்தான். நானும் கையைத் தட்டிவிட்டேன். அக்கா மட்டும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எந்த வீட்டையும் அவர் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. அப்பழுக்கில்லாத புது வீட்டுக்கே 'பரவாயில்ல' என்பதற்கு மேல் அவர் வாயில் வராது. என் புத்திக்கு அது அப்போது எட்டவில்லை. அவளுக்கு எட்டியது.

"எங்க?" என்று கேட்டாள்.

"எங்கயும் ஒண்ணுமில்ல."

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். "பின் சுவரு. அஸ்திவாரம் இறங்குது. தோண்டி எடுத்துத்தான் போடணும். நம்மகிட்ட இருக்கறது வீட்டுக்கே சரியாப் போயிடும்." குரல் கம்மச் சொன்னார்: "ரொம்ப வருஷம் தாங்கினாலும் தாங்கும். மழை பெய்யற ராத்திரியெல்லாம் நான் முழிச்சிருந்து பார்த்துக்கறேன். நீ தூங்கு. நீ இங்க நிக்கிறதைப் பார்த்தேன், சொல்ல வாய் வரல."

எந்த ஏஜென்டுக்கும் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுக்காத மனுஷன்.

அக்கா அவர் தலையிலிருந்த ஒட்டடையை எடுத்துவிட்டாள். வாசலுக்குப் போய், "வேண்டாம் சார்" என்றாள்.

"மேடம், அந்தச் சுவரு எத்தனை வருஷமா நிக்குது!"

"நிக்கட்டும் சார்."

காரில் ஏறிய பிறகுதான் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

ஏஜென்டுகள் சொல்லும் 'இன்னொரு பார்ட்டி' நிஜமாகவே இருந்ததை என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான் பார்த்தேன். அவர்களே வீட்டை வாங்கினார்கள். அத்தான் மனசு கேட்காமல் நேரில் போய்ச் சுவர் விஷயத்தைச் சொன்னார். கையில் தாராளமாக இருந்தவர்கள் போலிருக்கிறது. சுவருக்கு இரும்புத் தூண் முட்டுக் கொடுத்து, அடியில் தோண்டி, புதிதாக அஸ்திவாரம் போட்டுக்கொண்டார்கள். அத்தான் அந்தப் பக்கம் போகும்போது தெருமுனையில் நின்று எட்டிப் பார்ப்பார். "இப்பப் பரவாயில்ல" என்பார், நிஜமான நிம்மதியோடு.

அக்கா அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அதற்கப்புறம் அவர்கள் வீடு தேடவில்லை. நான் வற்புறுத்தினாலும், "பார்க்கலாம்டி" என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

போன மாதம் நானும் அவளும் கடைக்குப் போய்விட்டு அந்தத் தெரு வழியாக நடந்து வந்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்து வழியாகத் தெரிந்த அந்தச் சமையலறை ஜன்னலில் வேறொருத்தி நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் இடத்தில் அவள் நிற்கிறாளே என்றிருந்தது எனக்கு. என் வாய் சும்மா இருக்காதே.

"அந்தச் சுவரு இடிஞ்சு விழுந்து தொலைச்சிருந்தாலாவது நம்ம மனசு ஆறியிருக்கும்க்கா."

அக்கா நடுத்தெருவில் நின்று என் வாயைப் பொத்தினாள்.

"அப்படிச் சொல்லாதடி. படுத்துக் கண்ணை மூடினா, தூக்கம் வர்ற வரைக்கும் நான் அங்கதானே போய் நிக்கிறேன்."