ஐலெர்ட் வீட்டுச் சரிவு

குன்வோர், வடதுருவத்தை ஒட்டிய ட்ரொம்சோ நகராட்சியின் வீட்டுச் செவிலியர். ஒரு பகலுக்குப் பதினான்கு வீடுகள். முன்பு மீன் பதனிடும் ஆலையில் வேலை. முப்பத்தைந்து வயதில்தான் செவிலியர் படிப்புக்குப் போனார். பதினேழு குளிர்காலம் வண்டி ஓட்டியும் ஒரு கீறல் விழுந்ததில்லை. முதல் விபத்து போன செவ்வாய்க்கிழமை நடந்தது, அதுவும் வண்டியில் ஆளே இல்லாதபோது.

கால்புண் நோயாளி ஐலெர்ட்டின் வீட்டுச் சரிவில் மின்சாரக் காரை மேல்நோக்கி நிறுத்தி, கைபிரேக் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். உள்ளே அவருடைய புண் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கார் சத்தமில்லாமல் பின்னால் வழுக்கியது.

"உன் வண்டி வீட்டுக்குப் போகுது பார்," என்றார் ஐலெர்ட்.

கீழே இருந்த தபால் பெட்டிகளை நசுக்கிய பிறகே அது நின்றது.

மேலாளர் தோர்டிஸ் அன்றே கூப்பிட்டார். "இனிமே அங்க வண்டி ஏத்தாதே. நடந்து போனா மத்த வீடெல்லாம் தாமதமாகும். அவரைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாத்திடலாம்."

"அம்பத்திமூணு வயசு ஆளை வயசானவங்க இல்லத்துல போடறதா? வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு."

"நானே வந்து பாக்கறேன். வண்டி அசைஞ்சுதுன்னா அத்தோட முடிஞ்சுது."

மறுநாள் குன்வோர் நடந்தே ஏறினார். கார் நின்ற இடத்தில் குப்புறப் படுத்துப் பார்த்தார். நான்கு டயரும் பதிந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளப்பு. ஓடி வந்த டயரின் சூட்டில் பனி உருகி, அதன்மேல் கனத்த வண்டி வழுக்கியிருக்கிறது. சுற்றிலும் தரை கண்ணாடிபோல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒத்தார் தினமும் காலையில் பனியை வழித்துத் தள்ளுவதால் வந்த வினை.

"உனக்காகத்தான் தரை தெரியத் தள்ளி வைக்கிறேன்," என்றார் ஒத்தார் பெருமையாக.

"தரை எங்கய்யா தெரியுது? ஐஸ்தான் தெரியுது. நாளையிலேருந்து தள்ளாதே. ஓரத்துப் பனித்திட்டையும் அப்படியே விடு."

"தெருவுல என்னைச் சோம்பேறின்னு சொல்ல மாட்டாங்களா?"

"நர்ஸ்தான் தடுத்தாள்னு சொல்லிக்கோ."

வெள்ளிக்கிழமை தோர்டிஸ் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தார். குன்வோர் வழுக்காமலிருக்கத் தூவ வைத்திருக்கும் சாலையோரப் பெட்டியிலிருந்து மணல் அள்ளிச் சரிவில் பரப்பினார். காரின் பின்புறம் பனித்திட்டில் அழுந்தும்படி குறுக்காக நிறுத்தினார். ஆனால் இறங்கவில்லை.

"என்ன, உக்காந்தே இருக்கே?"

"டயர் ஆறட்டும். சூட்டோட விட்டுட்டுப் போனதுதான் அன்னிக்கு நான் செஞ்ச தப்பு."

நான்கு நிமிடம் கழித்து, டயருக்கடியில் உருகிய இடத்தைவிட்டு வண்டியைத் திட்டை ஒட்டியே ஒரு சாண் நகர்த்தி, புது மணலில் ஏற்றி, மறுபடி கைபிரேக் போட்டு இறங்கினார்.

உள்ளே போனதும் புண்ணைக் கழுவினார், மருந்து வைத்தார், கட்டினார். ஒருமுறைகூட ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மற்ற இருவரும் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அரை மணி நேரத்துக்குப் பின் தோர்டிஸ் குன்வோருடன் வெளியே போய், காரின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் கீழ்நோக்கித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

"அந்த நாலு நிமிஷத்தை எந்தக் கணக்குல சேர்க்கறது?"

"பயண நேரத்துல போடு."

தோர்டிஸ் கைக்கணினியைத் திறந்து, ஐலெர்ட்டை இல்லத்துக்கு மாற்றும் கோரிக்கையை அழித்தார். "திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு அவரையே கேட்டுக்கோ."

"ஒன்பதரைக்கு வா," என்றார் திறந்த ஜன்னலில் நின்ற ஐலெர்ட். "அதுக்கு முன்னாடி எழுப்பினா கதவைத் திறக்க மாட்டேன்."