கடிதத்தோடு வந்த கிருஷாந்தி அக்கா

கிருஷாந்தி அக்காவை நான் முதன்முதலில் சந்தித்ததே அவரைத் திருப்பி அனுப்புவதற்காகத்தான். மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் விடுமுறை. ராகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அந்த ஒரே காரணத்துக்காகத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் நல்லமுத்து என்னைக் கூப்பிட்டு, "படிச்ச புள்ள நீ போய்ப் பேசு. மரியாதையா பஸ் ஏத்தி விட்டுட்டு வா" என்றார்.

பஸ் நிற்கும் பாதை முடக்கில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு இளைஞர்கள் பைகளோடும் ஒரு கிட்டாரோடும் நின்றார்கள். டிக்கோயாவிலிருந்து ஊழியப் பயணமாக வந்த திருச்சபை வாலிபர்கள். ஐந்து நாள் தங்கி, மலை ஊற்றிலிருந்து எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் குழாய் போடுவதும், மாலையில் பாட்டும் ஜெபமும் நடத்துவதும் திட்டம். அவர்களை அழைத்து வந்தவர்தான் கிருஷாந்தி அக்கா. வயது இருபத்தெட்டு. டிக்கோயாவில் ஒரு தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலை.

நான் விஷயத்தைச் சொன்னதும் எங்கள் தோட்ட நிர்வாகி கொடுத்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "தொரையே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காருங்க தம்பி."

"அதாங்க பிரச்சினையே. தொர பங்களாவுல இருக்காரு. லயத்துல இருக்கிறது நாங்க. எங்களக் கேட்டாங்களான்னு தலைவர் கேக்குறாரு."

அவர் முகம் வாடிவிட்டது. அவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். தான் செய்த பிழை அவருக்கே விளங்கியது. பிள்ளைகளுக்குக் கேட்காதபடி என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார்.

"இதுல அஞ்சு பேரு பொம்பளப் புள்ளைங்க. ரெண்டு வருசமா அவங்க வீடுகளுக்கு ஏறி எறங்கித்தான் கூட்டியாந்தேன். இன்னைக்கே திரும்பிப் போனா, இனி ஒரு வீட்டுலயும் அதுகள வெளிய விடமாட்டாங்க. ரெண்டு மணித்தியாலம் குடுங்க. இப்பவாச்சும் கேட்டுட்டு வாறேன்."

லயத்தில் இருபது வீடுகள். சனம் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பும் நேரம். ஒவ்வொரு வாசலிலும், "கேக்காம வந்தது தப்புதாங்க. இப்ப கேக்குறேன்" என்றே தொடங்கினார். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். நாகலெட்சுமி அக்கா தலைத்துணியை அவிழ்த்தபடியே சொன்னார்: "எங்களுக்கு மாரியம்மா இருக்கா. சாமிக்குக் கொறச்சல் இல்ல, தண்ணிக்குத்தான் கொறச்சல்."

"தண்ணிக்குத்தான் வந்தோம் அக்கா."

"அப்ப கிட்டாரு என்னத்துக்கு? அதுல தண்ணி வருமா?"

கிருஷாந்தி அக்கா தன்னை மறந்து சிரித்துவிட்டார்.

கடைசி வீடு தலைவருடையது. அவர் வெற்றிலையை மென்று துப்பிவிட்டுச் சொன்னார்: "கொழாய் போடுங்க. பாட்டு, பிரசங்கம் ஒன்னும் லயத்துல கூடாது. சரின்னா இருங்க."

"சரிங்க" என்றார் அக்கா, உடனே.

கிட்டார்க்காரன் லோஜனுக்குக் கோபம். "பாட்டும் இல்லன்னா இது என்னக்கா ஊழியம்? இத எதுக்கு நான் தூக்கியாந்தேன்?"

"தலைக்கு வச்சுப் படு. ஜெபத்த மனசுக்குள்ள பண்ணு. நாளைக்கு மம்பட்டி புடிக்கணும்."

குழாய் பதிக்க முந்நூறு மீட்டர் கான் வெட்டவேண்டியிருந்தது. மழை, அட்டை. முதல் நாள் அவர்களோடு வெட்டியது நான் மட்டுமே. இரண்டாம் நாள் மாலை நாகலெட்சுமி அக்கா மண்வெட்டியோடு வந்தார். "இப்புடிச் சொரண்டுனா தைப்பொங்கலுக்குத்தான் தண்ணி வரும். தள்ளுங்க!" அவர் பின்னால் இன்னும் நாலு பெண்கள்.

நான்காம் நாள் தண்ணீரைத் திறந்ததும் ஒரு பொருத்து கழன்று லோஜனைக் குளிப்பாட்டியது. ஏனென்று யாருக்கும் புரியவில்லை. என் விஞ்ஞானப் படிப்பும் உதவவில்லை. தலைவர்தான் வந்து பார்த்தார். "ஈரத்தோட பசை பூசினா ஒட்டுமா?" சேற்றில் முழங்காலை ஊன்றி, தன் துண்டால் குழாயைத் துடைத்து, தானே ஒட்டினார். மறுநாள் காலை லயத்து வாசலில் தண்ணீர் விழுந்தது.

அவர்கள் பஸ் ஏறும்போது தலைவர் சொன்னார்: "அடுத்த வருசம் வாறதுன்னா தொரகிட்டப் போகாதீங்க. எனக்கு ஒரு போன் கோல் எடுங்க."

"அப்ப பாட்டு?" என்றான் லோஜன்.

"அத அப்பப் பேசுவோம்" என்றார் தலைவர், சிரிக்காமல்.

கிருஷாந்தி அக்காவுக்கு இப்போது முப்பத்தொரு வயது. அதே பிள்ளை மடுவத்தில்தான் வேலை. நான் பட்டம் முடித்து ராகலையில் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த ஆகஸ்டில் அவர் பத்தொன்பது பேரை இறம்பொடைக்குக் குழாய் போட அழைத்துப்போகிறார். அவர்களில் பதினொரு பேர் பெண்பிள்ளைகள். நாகலெட்சுமி அக்காவின் மகள் வினோதாவும் அவர்களில் ஒருத்தி.