கேட்டு வாங்கிய அரளி

ஆவூர் வேதக்கோயிலில் கட்டளைகள் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சூசைராஜ், வேலி தாண்டி விழுந்த எலுமிச்சம்பழத்தைக்கூட உரியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். இதனால் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தது. பக்கத்து வீட்டார் தங்கள் கிளைகளை அவர் பக்கம் சாயவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவருடைய கொல்லைதான் ஊரிலேயே பூத்துக் கிடந்த கொல்லை. எல்லாம் அவர் மனைவி அமராவதியின் கைவேலை. கொடும்பாளூர்ப் பெண். ஞானஸ்நானத்தில் அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். பங்குச் சுவாமியாரைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அமராவதி செடி தேர்ந்தெடுப்பது மாப்பிள்ளை பார்ப்பது போலத்தான். அழகைக் கடைசியில்தான் பார்ப்பாள். கோடையைத் தாங்குமா, ஒரு தடவை வைத்தால் நிலைக்குமா, குடிக்கிற தண்ணீரில் பங்கு கேட்குமா என்பதெல்லாம் முதலில். நந்தியாவட்டை தேறியது. முல்லை பந்தலில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. சங்குப்பூக்கொடி கோடையில் செத்ததுபோல் கிடந்து முதல் மழைக்கு எழுந்துகொண்டது. உபதேசியார் ஒருமுறை திருக்கோகர்ணத்தில் ரோஜாத் தொட்டி ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். அவர் மனம் நோகக்கூடாது என்று அது பங்குனி வரை பொறுத்திருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு வைகாசியில் அமராவதி காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. கடைசியாகத் தெளிவிருந்த அன்று அவள் கேட்டது ஒன்றுதான்.

"எம்மேல மாலையப் போட்டுட்டு வந்துராதீங்க. மறுநாளே சருகாப் போயிரும். ஆடு கடிக்காதது, தண்ணி கேக்காதது, வருசம் பூராப் பூக்கிறது ஒன்னு வச்சுவிடுங்க. நம்ம அரளியில ஒரு குச்சி போதும்."

சாகிறபோதும் அவள் கணக்கு தப்பவில்லை. கல்லறைத் தோட்டம் செம்மண் சரளை, கிணறு கிடையாது, ஆடுகளுக்குத் தடையும் கிடையாது. நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள் அங்கே அரளி தழைத்து நிற்கவேண்டும் என்று உபதேசியார் மனத்தில் முடிந்துகொண்டார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, அரிவாளை எடுத்துக்கொண்டு அவர் கொல்லைக்குப் போனார். அமராவதியின் தங்கை செங்கமலம் அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அக்கா இந்த அரளியை மூக்காயி சித்தியின் கிணற்று மேட்டிலிருந்து ஒடித்து வந்தபோது தானும் கூட இருந்ததாக, அழுகைக்கு நடுவே சொன்னாள். சித்தியிடம் கேட்டுத்தானே ஒடித்தாள் என்றார் உபதேசியார்.

"கேட்டு வாங்கினா எப்படி மச்சான் தழைக்கும்? யாருக்கும் தெரியாம ஒடிச்சாத்தான வேர் புடிக்கும்."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. நந்தியாவட்டை, கீரனூர் போகிற வழியில் ஒரு பங்களா வேலியிலிருந்து. முல்லை, யாரோ ஒரு சம்பந்தி வீட்டிலிருந்து. இருபது வருஷமாகக் களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளையைப் போதித்துவிட்டு வந்து அவர் காற்று வாங்கிய இடம் முழுக்க முழுக்கக் களவு. அவர் அரிவாளைக் கீழே வைத்தார். களவாண்ட பொருளைக் கிறிஸ்தவளின் கல்லறையில் நடுவதற்கில்லை.

ஆகவே கொடும்பாளூருக்குப் போய், மூக்காயியிடம் செத்தவளுக்காக மன்னிப்பும் குச்சிக்கு அனுமதியும் கேட்டார். கிழவி கிணற்று மேட்டில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டுக் கடலையை ஒதுக்கி வைத்தாள்.

"அவ ஒடிச்சது எனக்குத் தெரியாதாக்கும்? நான் பாத்துட்டா வேர் புடிக்காதேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். எங்க வீட்டுப் பவழமல்லி மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்? ஒங்க கொல்லையிலேருந்துதான். இப்புடிக் கேட்டுக் கெடுத்துட்டீங்களே, மாப்பிள்ளை."

குணமாகாத நோயாளிக்கு மருந்து கொடுப்பதுபோல நாலு குச்சி ஒடித்துக் கொடுத்தாள். காய்ந்தன. ஆடியில் தன் கொல்லை அரளியிலேயே ஒடித்து வைத்தார். அனுமதி வாங்கியாகிவிட்டதால் அதுவும் கேட்டு வாங்கியதாகிவிட்டது. அதுவும் காய்ந்தது. வெயில் காலத்தில் சரளையில் குச்சி ஊன்றினால் வேறென்ன நடக்கும் என்று அவர் எல்லோருக்கும் விளக்கினார். கட்டளைகளைப் பிழையில்லாமல் ஒப்பிக்கிறவர்கள்கூட அதை நம்பவில்லை. மாலை ஜெபம் முடிந்ததும் அவர் குடத்தில் தண்ணீர் சுமந்து போவதை ஊர் பார்த்தது, சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புரட்டாசிக் கடைசியில் நல்ல மழை பெய்தது. உபதேசியார் மறுபடியும் கொடும்பாளூர் போனார். மூக்காயி அவர் வருவதைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்.

"ஒன்னும் கேட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டு, கிழவி அங்கிட்டுத் திரும்பி உட்கார்ந்து முறத்தை எடுத்துக்கொண்டாள்.

அரளிக் குச்சி ஒடிகிற சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. பார்க்க யாருமில்லாதபோதும் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனத்தில் களவைச் சொன்னார். அதற்காக மனம் வருந்தி மனஸ்தாபப்படுகிறீரா என்று சுவாமியார் கேட்டார். ஆமென்று சொல்வது சுலபம். மனஸ்தாப ஜெபத்தை அவர்தான் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர்.

"இல்ல சாமி. ரெண்டு துளிர் விட்டுருக்கு."

மனஸ்தாபம் இல்லாதவருக்குப் பாவமன்னிப்பு இல்லை. மறுநாள் பூசையில் உபதேசியார் நற்கருணை அப்பமான நன்மை வாங்க எழுந்து போகவில்லை. கடைசி வரிசையில் முழங்காலிட்டிருந்தார். முன்னால் போனவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு கல்லறைகளில் மாலைகளும் மெழுகுவர்த்திகளும் நிறைந்தன. அமராவதியின் சிலுவைக்குப் பக்கத்தில் பூ இல்லை. ஒரு குச்சி, அதில் நகமளவு இரண்டு துளிர். அதன்மேல் காற்றடிக்காமல் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, கடைசி மெழுகுவர்த்தி அணைகிற வரை அவர் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த உயிர்ப்புத் திருநாளான பாஸ்காவுக்கு அவர் நன்மை வாங்கினார். மனஸ்தாபம் எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் அரளி நன்றாக வேர் பிடித்திருந்தது.