உருண்டையா, முட்டையா

ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் நான் ஒரு லட்டை நசுக்கினேன். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது. திருவொற்றியூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன், "தம்பி இன்னா பண்ணுது?" என்று கேட்டார். காலேஜில் ஆராய்ச்சி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கோ அப்போது மண்டை முழுக்கக் கர்வம். அணுவின் நடுவே உள்ள கருவை எல்லோரும் உருண்டை என்றுதான் நினைத்தார்கள், நான் ஆராயும் கரு முட்டைபோல நீண்டது என்று சொல்லி, தட்டிலிருந்த லட்டை இருபுறமும் அழுத்திக் காட்டினேன். அது பொலபொலவென்று உதிர்ந்து அவர் வேட்டியில் கொட்டியது.

"இத்த கண்டுபுடிக்கவா நைனா இத்தினி வருசமா படிச்சிகினு கீற?" என்றார் அவர். கூடமே சிரித்தது.

அக்கா சிரிக்கவில்லை. தீப்பெட்டி ஆலைக்குப் போய் என் படிப்பையும் வீட்டையும் தாங்கியவள் அவள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமையாதா என்று அம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்கா சொன்னாள்: "எந்தம்பி சொல்றது பிரியலன்னா கேளுங்க. சிரிக்காதீங்க." வந்தவர்கள் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள்.

மறுநாள் ஆலைக்குக் கிளம்பும்போது கேட்டாள். "அது முட்டதான்னு உனுக்கு நல்லா தெரியும்ல?"

"கணக்கு இன்னும் முடியலக்கா" என்றேன். கருவைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒவ்வொரு வடிவமாகக் கணக்கில் வைத்துப் பார்த்து, எதில் ஆற்றல் மிகக் குறைவாக வருகிறதோ அதுவே அதன் வடிவம் என்று கொள்ள வேண்டும். கைப்பிடியைச் சுற்றும் கணக்கு இயந்திரத்தோடு நான் பாதி வழியில்தான் இருந்தேன். முட்டை என்பது என் ஆசை மட்டுமே. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சில மாதம் கழித்துக் கணக்கு முடிந்தது. நீட்ட நீட்ட ஆற்றல் கூடிக்கொண்டே போனது. என் கரு சுத்தமான உருண்டை. அதையே எழுதி நான் பட்டம் வாங்கினேன். அக்காவுக்கு அப்புறம் எந்த இடமும் அமையவில்லை.

பட்டம் வாங்கிய அன்று அவளிடம் தலைகுனிந்து உண்மையைச் சொன்னேன். "உருண்டையாவே இருந்துட்டுப் போட்டும்டா" என்றாள். "அவுங்க சிரிச்சதகூட வுட்டுட்டேன். நீயும் சேந்து சிரிச்ச பாரு, அத்தத்தான் தாங்க முடியல."

கூடமே சிரித்தது என்று மேலே எழுதினேன் அல்லவா, அதில் நானும் உண்டு. இத்தனை வயதாகியும் அதை அங்கேயே எழுதக் கை வரவில்லை.