வச்சுக்கச் சொன்ன கல்

மழை விட்டதும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் பின்புறத்துப் பாறையிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். நனைந்த இரும்பும் பழைய சாம்பலும் கலந்தது போலிருக்கும். இலங்கை மலையகத்து உடப்புசல்லாவைப் பக்கத்தில், தேயிலைக்கு ஆகாது என்று தோட்டம் ஒதுக்கிவிட்ட பாறை அது. வெங்காயம்போல அடுக்கடுக்காக உரியும். உரிந்த தோலை விரலால் அழுத்தினாலே பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளே காக்காப்பொன் மின்னும். நாங்கள் அதை "உக்குன கல்லு" என்போம். வெயிலும் பனியும் மழையும் சேர்ந்து ஒரு பாறையைத் தின்ன எத்தனையோ தலைமுறை ஆகும் என்று பின்னாளில் படித்தபோதுதான், எங்கள் பாறை பெரும்பாதி வேலையை முன்பே முடித்து வைத்திருந்தது புரிந்தது.

அங்கே கொஞ்சம் காய்கறி போட்டுக்கொள்ளலாமா என்று, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கய்யாவிடம் அப்பா கேட்டார். அவர் பாறையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அந்தக் கல்ல நீயே வச்சுக்கப்பா" என்றாராம். அந்தச் சொல்லோடு அப்பா வீட்டுக்கு வந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரிடமும் யாரும் எதையும் "வச்சுக்க" என்று சொன்னதில்லை.

நான்கு வருடம் உழைத்தோம். அப்பா வேலை விட்டு வந்து அலவாங்குக் கம்பியால் பாறையை நெம்புவார். அம்மாவும் நானும் உதிர்ந்ததை நுணுக்கி, சாணமும் அடுப்புச் சாம்பலும், தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் காலத்தில் விழும் சருகும் போட்டு மூடுவோம். இடுக்கில் முளைத்த புல்லைப் பிடுங்கப் போனால் அப்பா திட்டுவார். வேர் கல்லைப் பிளக்கும், அதற்குக் கூலி கேட்காது என்பார். அம்மாவுக்கு எல்லாமே வேடிக்கை. "எறும்பூரக் கல்லும் தேயும், ஆனா எறும்புக்கு இடுப்பு வலிக்காது" என்பாள். முதல் வருடம் கிடைத்தது வெறும் மஞ்சள் மணல். மூன்றாம் வருடம் அது கறுத்து, மண்புழு வந்தது. அன்றைக்கு அம்மாவே கேலியை நிறுத்திவிட்டாள். நான்காம் வருடம் போஞ்சிக் கொடி என் உயரத்தைத் தாண்டியது.

அப்போதுதான் கண்டாக்கய்யா அந்தப் பக்கம் வந்தார். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். எப்படிப் பிள்ளை இவ்வளவு காய் என்று அன்பாகக் கேட்டார். எனக்குப் பத்து வயது, பெருமை தாங்கவில்லை. பாத்தியில் கையை முழங்கை வரை விட்டு, "கல்லே தட்டாதுங்க அய்யா" என்றேன். அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் உரச்சாக்குகளோடு ஆட்கள் வந்தார்கள். தேயிலை நாற்று வளர்க்கும் "தவறணை"க்கு நல்ல மண் வேண்டுமாம். காய்த்திருந்த கொடிகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டு அள்ளினார்கள். சாக்குப் பிடித்தவர்கள் எங்கள் லயத்து ஆட்கள்தான். ஒருவரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள்தானே வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்று அப்பா கேட்டார். கண்டாக்கய்யா கோபப்படக்கூட இல்லை.

"கல்லத்தானப்பா வச்சுக்கச் சொன்னேன், மண்ண இல்லையே. ஆழத்த ஒம் மகதான் காட்டுச்சு."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் ஆறியிருக்கும். எறும்பூரக் கல் தேயும் என்று சொன்னவர்கள், தேய்ந்தது யாருக்குச் சேரும் என்று சொல்லி வைக்கவில்லை. அந்த மனிதரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஏமாற்றியதற்காக மட்டுமல்ல, அதற்கு என் கையை எடுத்துக்கொண்டதற்காக.

சென்ற மாதம் போயிருந்தேன். அப்பா இல்லை, போஞ்சி இல்லை, லயத்தில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. பாறை மட்டும் தன்பாட்டில் உரிந்துகொண்டிருக்கிறது; அதன் அடியில், யாரும் கைவைக்காமலே, புல்லோடு கொஞ்சம் கறுப்பு மண் சேர்ந்திருக்கிறது. குனிந்து விரலை விட்டேன். இரண்டாம் கணு வரை போனது. அந்த வழியாக வந்த தோட்டத்துப் புது உத்தியோகத்தர், சின்ன வயசுக்காரர், அங்கே என்ன பார்க்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"ஒன்னுமில்லீங்க," என்றேன். "வெறும் கல்லு."