கையெழுத்துப் போடாத விண்ணப்பம்

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். காலில் சக்கரத்தோடு பிறந்தவள் என்பாள் அம்மா. அவள் மட்டும் என்னவாம்? கல்லூரி நாளில் கபடி ஆடியவள். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, படைப்பிரிவுக்காக நூறு மீட்டர் ஓடியவர். அண்ணன் பிரான்சில் ஏதோ கிளப்பில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். நான் லாஸ்பேட்டை மைதானத்தில் ஹாக்கி மட்டையோடு திரிந்தேன்.

பதினெட்டு முடிந்ததும் அப்பா வழியில் எனக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுப்பது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். தூதரகத்தில் தேதிகூட வாங்கியாயிற்று. அந்த வாரம் பார்த்து இந்திய ஜூனியர் அணியின் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. அந்த பாஸ்போர்ட்டை எடுத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இந்தியாவுக்கு ஆட முடியாது.

மூன்று நாள் நெல்லித்தோப்பு வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

"இந்த பாஸ்போர்ட்டுக்காக ஊர்ல எத்தினி பேரு தவம் கெடக்குறான்? வூடு தேடி வர்ற லட்சுமிய எட்டி ஒதைக்கிறியே!" என்றாள் அம்மா.

"அங்க போயி ஆடேன். யாரு வேணான்னா?" என்றார் அப்பா.

"எனக்கு இங்கதாம்பா ஆடணும்."

"ஏன்?"

இந்திய அணியின் நீலச் சட்டையைத் தவிர வேறு எதையும் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமலே முகாமுக்குப் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு அப்பா என்னோடு பேசாமல் இல்லை. சாப்டியா, ஒடம்பு எப்படி இருக்கு, எல்லாம் கேட்பார். ஹாக்கி பற்றி மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. சீனியர் அணிக்குப் போனேன், முட்டி கிழிந்து படுத்தேன், எழுந்து மறுபடி போனேன். ஏழு வருஷம். அவர் ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. எனக்கும் கோபம்தான். அவரிடம் நானாக எதுவும் சொல்வதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

பிரான்சில் அந்நாட்டு அணியோடு ஆடப் போனபோது அப்பா அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணன் இழுத்து வந்துவிட்டான். இரண்டு தேசிய கீதத்துக்கும் அப்பா ஒரே மாதிரி விறைப்பாக நின்றதைப் பார்த்தேன். ஒரு கோலில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் வேலியோரம் வந்தார்.

"அவங்க கார்னர் அடிக்கிறப்ப நீதான மொதல்ல ஓடி மறிக்கிற?"

"ஆமாம்பா."

"கெளம்புறப்பவே லேட் பண்ற. மொதல் எட்டு சின்னதா வெய்யி. ஏழு வருஷமா இதே தப்பத்தான் பண்ணிகினு இருக்க, சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லியா அங்க?"

ஒரு ஆட்டம் விடாமல் பார்த்திருக்கிறார். வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். தோற்றதற்காக அழுகிறேன் என்று நினைத்து அணிப் பெண்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.